ஒட்டாத பக்கம்

நீச்சல் பள்ளியின் பயிற்சியாளர் நல்ல ஆகிருதியான மனிதர். மிதக்கும் பாயின் மாதிரி ஒன்று வந்து இறங்கியதும் அதைக் குளத்தில் போட்டார். பிள்ளைகளைக் கரையில் வரிசையாக உட்காரவைத்து, பயப்படவே கூடாது, என்னைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் ஏறி நின்றார். பாய் இரண்டு ஃபோம் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. மேல் ஷீட்டுக்குக் கீழ் ஷீட்டோடு என்ன மனஸ்தாபமோ, அது தன்பாட்டுக்கு முன்னால் நகர ஆரம்பித்தது. பயிற்சியாளரின் ஒரு கால் மேல் ஷீட்டோடு புறப்பட்டுவிட்டது. மறு கால் கீழ் ஷீட்டிலேயே தங்கிவிட்டது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நாமெல்லாம் சும்மா வாயால் சொல்லுகிறோம். அந்த மனிதர் செய்தே காட்டினார். பிறகு வாயில் விசிலோடு தண்ணீருக்குள் போனார். பாடத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர் தலையைத் துவட்டுவதற்கு முன்பே பாய் செய்த பட்டறைக்குப் போன் வந்துவிட்டது. எடுத்தவர் முதலாளியம்மா. அவருக்கு நீட்டி முழக்கிப் பேசினால் பிடிக்காது. ஒட்டியதா, ஒட்டவில்லையா, அதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வியே இல்லை என்பது அவருடைய கட்சி. ஒட்டவில்லை என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டு நேரே கண்ணாடி அறைக்கு வந்தார்.

கண்ணாடி அறையில் இருப்பவளைப் பட்டறை முழுக்க டெஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடும். ஒட்டிய ஃபோமிலிருந்து விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, இழுக்கும் மிஷினின் இரண்டு பற்களிலும் கடிக்கவைத்து, மெதுவாகப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. இழுக்கும்போது பசை விடாமல் பிடித்துக்கொண்டு ஃபோமே பிய்ந்து வந்தால் பாஸ். ஃபோம் பிய்யாமல், பசை மட்டும் பழத்தோல் மாதிரி வழவழவென்று உரிந்து வந்தால் ஃபெயில். பிய்ந்தால் சந்தோஷம், முழுசாக வந்தால் துக்கம் என்று ஒரு தொழில் இருக்கிறதென்றால் அது இதுதான். திரும்பி வந்த அந்தப் பாயின் பட்டைகளை அவள் இழுத்தபோது ஒன்றுகூடப் பிய்யவில்லை. எல்லாம் முழுசாக, சமர்த்தாக, வெட்கமில்லாமல் உரிந்து வந்தன.

இதில் அவளுக்கு இருந்த சங்கடத்தைச் சொல்லவேண்டும். பட்டறையின் இந்தக் கோடியில் ஷீட்டுக்குத் தீ காட்டுகிறவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கோடியில் பசை பூசி ஒட்டுகிறவர் அவளுடைய கட்டின புருஷன். அண்ணனுக்குப் பட்டறையில் பெயர் பர்னர். புருஷனுக்குப் பெயர் கோந்து. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

தீ எதற்கு என்று கேட்கலாம். பாலிஎத்திலீன் ஃபோம் இருக்கிறதே, அது ஒரு தனி ஜந்து. யாரோடும் ஒட்டாது. எத்தனை உயர்ந்த பசையை ஊற்றினாலும் தாமரை இலைத் தண்ணீராக உருட்டி விட்டுவிடும். அதை வழிக்குக் கொண்டுவர ஒரே உபாயம், அதன் முகத்தில் சட்டென்று ஒரு நீலத் தீயைக் காட்டி எடுப்பது. மெதுவாக ஓட்டினால் ஷீட் உருகிச் சுருண்டுவிடும். வேகமாக ஓட்டினால் தீ பட்டதே அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில் போனால் ஷீட்டின் முகம் இளகி, பசையைப் பார்த்ததும் வா என்று சொல்லும். பர்னர் அந்த வேகத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பார். தீ காட்டிய முகத்தில் கைரேகைகூடப் படக்கூடாது, தூசி உட்காரக்கூடாது என்று பருத்திக் கையுறை இல்லாமல் கிட்டே போகமாட்டார்.

இதில் ஒரே ஒரு விவகாரம். தீ ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். காட்டிய பிறகு, காட்டிய பக்கம் எது, காட்டாத பக்கம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே நீலம், ஒரே வழவழப்பு. அதனால் பர்னர் ஷீட்டை எடுத்து நீட்டும்போதே "முகம் மேலே" என்று ஒரு குரல் கொடுப்பார். கோந்து, "வந்தாச்சு மச்சான்" என்று கையில் வாங்கி அப்படியே பசை மேஜைக்குக் கொண்டுபோவார். வருஷக்கணக்காக வேலை அந்தக் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாயும் பிரிந்ததில்லை, எந்தப் பயிற்சியாளரும் முழுகியதில்லை.

அப்புறம் வந்தது ஷூ.

பட்டறையின் ஆண்டுக் கூட்டத்தில் பர்னருக்கு ஒரு கேடயம் கொடுப்பதாக இருந்தது. விபத்தில்லாமல் தீயோடு வேலை செய்ததற்காக. அவருடைய நல்ல ஷூவின் அடிப்பாகம் வாயைத் திறந்திருந்தது. ஒட்டிக் கொடு மாப்பிள்ளை என்று கொடுத்தார். கோந்து ஒட்டிக் கொடுத்தார். கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். பர்னர் மேடைக்குப் போய்க் கேடயத்தை வாங்கி, படத்துக்குச் சிரித்து, திரும்பி நடந்தார். அடிப்பாகம் மேடையிலேயே நின்றுவிட்டது. அதை ஒருவர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, ஐயா உங்கள் சாமான் என்று எல்லோர் முன்னாலும் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பர்னர் பசையைக் குறை சொன்னார். கோந்து, பசையில் குறையே இல்லை, ஒட்டவேண்டிய இடத்தில் பளபளப்புத் திரவத்தைத் தடவி வைத்திருந்தால் ஒட்டுமா என்றார். தேய்த்துத் துடைத்துத்தான் கொடுத்தேன் என்றார் பர்னர். நன்றாகத் தேய்த்திருந்தால் ஏன் கழல்கிறது என்றார் கோந்து. இருபத்து நாலு மணி நேரமும் மேற்பரப்போடு குடித்தனம் நடத்துகிற எனக்கு நீ மேற்பரப்பைப் பற்றிச் சொல்லித் தருகிறாயா என்று பர்னர் எழுந்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கோந்து சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னதுதான் பெரிய தப்பு. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும்.

அன்றைக்கு நின்றது பேச்சு. உப்புப் பெறாத விஷயம். ஆனால் மனுஷர்கள் பெரிய விஷயத்துக்கெல்லாம் வருஷக்கணக்கில் கோபித்துக்கொள்வதில்லை. உப்புப் பெறாததற்குத்தான் அந்தச் சிரத்தை. அண்ணனுக்குக் கல்யாணம் காட்சி இல்லை, மாடி அறையில் குடியிருந்துகொண்டு தங்கை வீட்டில்தான் சாப்பாடு. இப்போது அவர் முதலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார், இவர் பிறகு வந்து உட்காருவார். உங்கள் அண்ணனிடம் சொல்லு, மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று இவர். உன் வீட்டுக்காரரிடம் சொல்லு, அது எனக்கும் தெரியும் என்று அவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் மத்தளத்துக்கு ராத்திரியாவது ஓய்வு உண்டு. பசைதான் தப்பா, மேற்பரப்புதான் தப்பா, நீ படித்தவள், நீயே தீர்ப்புச் சொல் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். சாப்பாடு ஆறுகிறது என்று தப்பித்துக்கொண்டாள்.

இப்போது முதலாளியம்மா கேட்டார், தப்பிக்க வழியில்லை.

முதல் பாய் பிரிந்ததும் இரண்டாவது மாதிரி செய்தார்கள். இழுத்துப் பார்த்தாள், பழைய குருடி கதவைத் திறடி. மூன்றாவதும் அப்படியே. முதலாளியம்மா மேஜையில் கிடந்த பசைத் தோலைத் தூக்கிப் பார்த்தார்.

"தீயில தப்பா, பசையில தப்பா? இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல. தப்பு யார்கிட்டயோ அவரை வெளியூர் வெட்டுப் பட்டறைக்கு அனுப்பிடப் போறேன். அங்க ஃபோமை வெட்டுற வேலை மட்டும்தான், ஒட்டவே வேண்டாம். நாளைக்கு மத்தியானம் சொல்லு."

"ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் வீட்டுக்காரர்ம்மா."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். அவங்களப் பத்தி உனக்குத் தெரியாததா?"

வெளியூர் என்றால் வாரம் ஒருமுறை வந்துபோகிற தூரமில்லை. ஒருவரை அனுப்பினால் வீடு பாதியாகிவிடும். புருஷன் போனால் அவளும் பின்னால் போகவேண்டும்; அண்ணன் மாடியில் தனியாக வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டு கிடப்பார். அண்ணன் போனால், இந்தக் கோபத்தோடேயே போவார், அப்புறம் அது ஆயுசுக்கும் காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். யார் பெயரைச் சொன்னாலும் அவள் வாயாலேயே ஒரு பக்கத்தை உரித்துப் போட்டதாகத்தான் ஆகும். அன்று அவள் மிஷினைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அழவேண்டும் போல இருந்தது. கண்ணாடி அறையில் அந்த வசதி இல்லை.

மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்துக்கொண்டு தீ காட்டும் இடத்துக்குப் போனாள். அண்ணன் அப்போதுதான் ஓட்டி எடுத்த ஷீட்டின் மூலையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். தீ காட்டாத ஃபோமில் தண்ணீர் முத்து முத்தாக நின்று ஓடிப்போகும். இதில் அப்படியே பரந்து படர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவு அழகான தீ. பிறகு பசை மேஜைக்குப் போய் ஒரு கரண்டி பசை வாங்கிவந்து, அதே ஷீட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டித் தன் அறையிலேயே ஒட்டி, காயவைத்து, இழுத்தாள். பசை அசையவில்லை. ஃபோம் பரக்கென்று பிய்ந்தது. அவ்வளவு அருமையான பசை.

தனித்தனியாக இரண்டும் தங்கம், சேர்ந்தால் மட்டும் பித்தளை. அப்படியானால் தப்பு தீயிலும் இல்லை, பசையிலும் இல்லை. தீக்கும் பசைக்கும் நடுவில் இருக்கிறது.

நடுவில் இருந்தது ஒரு மேஜை. பேச்சு நின்ற பிறகு யாரோ இழுத்துப் போட்டது. கையில் கொடுத்து வாங்கினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டி வருமே. அதனால் பர்னர் ஷீட்டுகளைக் கொண்டுவந்து அந்த மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அவர் முதுகு மறைந்த பிறகு கோந்து வந்து எடுத்துக்கொண்டு போவார். மேஜைக்கு நேர் மேலே காற்றாடி, அதன் இறக்கையில் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த தூசி. இத்தனை நாளும் கண்ணாடி வழியாக இந்த மேஜையை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் வேலை செய்கிறார்களே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அண்ணன் ஷீட்டுகளை வைத்துவிட்டுப் போனதும் மெதுவாகப் போய் மேலே இருந்ததில் தண்ணீர் தெளித்தாள். பரந்து படர்ந்தது. முகம் மேலே இருக்கிறது, சரி. அதைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாள். கோந்து வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும், தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுகிற மாதிரி, ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

பசை மேஜையில் அவர் உருளையைத் தொடுவதற்குள் அவள் போய் நின்றாள். மேலே தெரிந்த பக்கத்தில் தண்ணீரைத் தெளித்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு அவர் கையுறையில் விழுந்தது. கோந்து திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

"எதுக்குத் திருப்புறீங்க?"

"சத்தம் போடாதே. உங்க அண்ணன் குப்புறதான் வெப்பார். காத்தாடித் தூசி முகத்துல விழக்கூடாதுன்னு. நானும் முதல்ல தெரியாம மேல் பக்கத்துல பூசிட்டேன், அந்த ஆள் தண்ணிக்குள்ள போயிட்டார். அப்புறம்தான் யோசிச்சுப் பாத்தேன். அதை வெளிய சொன்னா, தப்பா வெச்சது அவர்னு ஆயிடும். அதான் நானே திருப்பிக்கிறேன்."

"இன்னிக்கு அவர் மேல பாத்துதான் வெச்சிருந்தார்."

கோந்து உருளையைக் கீழே வைத்தார். அது எப்படி என்று கேட்டார். இரண்டாவது பாய்க்கும் நான் திருப்பித்தானே ஒட்டினேன் என்றார். சரி, திருப்பினது தப்புப் போலிருக்கிறது, மச்சான் மேலே பார்த்துத்தான் வைக்கிறார் என்று மூன்றாவதுக்குத் திருப்பாமல் விட்டேனே, அதுவும் உரிந்ததே, அதனால்தான் இன்றைக்கு மறுபடியும் திருப்பினேன் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. கடைசியில், எதுவாக இருந்தாலும் உங்கள் அண்ணன் பெயர் வெளியே வரக்கூடாது, பசையில் தப்பு என்று சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவள் அங்கிருந்து நேரே தீ காட்டும் இடத்துக்குப் போனாள். அண்ணன் தீயை அணைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஷீட்டை எந்தப் பக்கமாக வைக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். அண்ணன் காதைச் சொறிந்தார். முதலில் தூசிக்குப் பயந்து குப்புற வைத்தாராம். மாப்பிள்ளை பழகின கை, மேலே இருக்கிற பக்கத்தில் பூசியிருப்பான், அதனால்தான் பிரிந்தது என்று புரிந்ததாம். சரி, அவனுக்குத் தோதாக இருக்கட்டும் என்று இரண்டாவதுக்கு மேலே பார்த்து வைத்தாராம். அதுவும் உரிந்ததும், ஓகோ, நான் குப்புற வைக்கிறேன் என்று கண்டுபிடித்து அவன் திருப்ப ஆரம்பித்துவிட்டான், கெட்டிக்காரன் என்று மூன்றாவதுக்கு மறுபடி குப்புற வைத்தாராம். இன்றைக்கு மறுபடி மேலே.

இவர் மாற்றினால் அவர் மாற்றுகிறார், அவர் மாற்றினால் இவர் மாற்றுகிறார். இருவரும் ஒருவர் தப்பை ஒருவர் காதும் காதும் வைத்தாற்போல் திருத்திக்கொண்டே வந்ததில் ஒரு பாய்கூட உருப்படவில்லை. நல்லெண்ணம் இவ்வளவு சேதம் பண்ணி அவள் பார்த்ததில்லை.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னண்ணா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவன் கேக்கட்டும்."

"ஓரத்துல ஒரு குறியாவது போட்டிருக்கலாம்ல?"

"குறி போட்டா? அது நான் முதல்ல பேசின மாதிரி ஆயிடாதா?"

அண்ணன் குரலைத் தணித்து, பாப்பா, மாப்பிள்ளை மேல் பழி போட்டுவிடாதே, தீயில்தான் தப்பு என்று சொல்லிவிடு, எனக்கென்ன, ஒண்டிக்கட்டை, எந்த ஊரானால் என்ன என்றார்.

மத்தியானம் அவள் முதலாளியம்மாவின் அறைக்குள் போனாள். இரண்டு பேரையும் அங்கே முன்கூட்டியே வரவழைத்து உட்காரவைத்திருந்தார். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அவளுக்காக. பர்னர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் தப்பு இரண்டு பேர் மேலும் விழும். தப்பு யார்மேலோ அவருக்கு வெளியூர் என்பது முதலாளியம்மாவின் சட்டம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரையும் வண்டி ஏற்றிவிடுவோமோ என்று பயந்தாள். பொய் சொன்னாலோ ஒருவர் போவார், பாயும் ஒட்டாது.

"யார்?" என்றார் முதலாளியம்மா.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கோந்து எழுந்துவிட்டார். பசையில்தான் தப்பு, கலவையில் கொஞ்சம் அசிரத்தையாக இருந்துவிட்டேன், நான் போகிறேன் என்றார்.

பர்னரின் தலை ஜன்னலிலிருந்து திரும்பியது. அது என்ன பேச்சு, தீ சரியாகப் படவில்லை, தப்பு என்னுடையது என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். அதற்குள் கோந்து, அதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டவே, பர்னருக்குக் கோபம் வந்துவிட்டது. முதலாளியம்மாவை விட்டுவிட்டு நேரே மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினார்.

"பசையில என்னடா தப்பு கண்டே? இந்தப் பசையை இந்தப் பதத்துல கலக்க இங்க வேற எவனுக்குத் தெரியும்? வாய்க்கு வந்ததச் சொல்றியா?"

"தீயில மட்டும் என்ன கொறையாம்? அந்த வேகத்துல ஷீட்டை ஓட்ட உங்களுக்கு மட்டும்தான் மச்சான் வரும். இல்லாத தப்பை ஏன் தலையில போட்டுக்கிறீங்க?"

"எனக்குப் புத்தி சொல்ல வராதே. உன் வேலை சுத்தமான வேலை."

"உங்க வேலைதான் சுத்தம். என்னோடது சுமார்."

"சுமாரா? இன்னொரு தடவை சொல்லு பாப்போம்."

முகம் சிவந்து, மேஜையைத் தட்டி, விரலை நீட்டி, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் அடிதடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டறை ஆட்கள் சிலர் வந்து கதவருகில் நின்றும்விட்டார்கள். பேச்சு வளர்ந்து, நினைத்த மாதிரியே ஷூவில் போய் நின்றது. அதன்மேல் பளபளப்புத் தடவினது உண்மைதான், அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை என்று பர்னர் அதட்டினார். அதெல்லாம் காரணமே இல்லை, காய்வதற்குள் நான்தான் கொடுத்துவிட்டேன் என்று கோந்து எதிர் அதட்டல் போட்டார்.

முதலாளியம்மா பேனாவால் மேஜையைத் தட்டி, போதும், வாயை மூடுங்கள் என்றார்.

"வேண்டாம்மா," என்றாள் டெஸ்ட் அக்கா. "பேச விடுங்க. இதுதான் ரிப்பேர்."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். மேஜை, காற்றாடி, குப்புற, மேலே, மறுபடி குப்புற, மறுபடி மேலே. மேஜைமேல் கிடந்த ஒரு காகிதத்தைக் கையில் எடுத்து, அண்ணன் இப்படி வைத்தார், இவர் இப்படித் திருப்பினார் என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் பாதியில் நிறுத்தி, அந்தக் காகிதத்தையே பார்த்தார்கள். நீயும் மாற்றினாயா என்றார் பர்னர். நீங்களும் மாற்றினீர்களா என்றார் கோந்து.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீ நன்றாக இருக்கிறது, பசை நன்றாக இருக்கிறது, வாய்தான் சரியில்லை என்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை என்று அவர் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. ஆனால் இனி ஒரு பாய் பிரிந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து வண்டி பிடித்துவிடுவேன் என்றும் சொன்னார். நடுவில் இருந்த மேஜையை அன்றே தூக்கிச் சாமான் அறையில் போட்டார்கள்.

நாலாவது பாயின் பட்டைகளை மிஷினில் மாட்டும்போது இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பட்டையும் பரக் பரக்கென்று பிய்ந்தது. அவள் பிய்ந்த துண்டுகளை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினாள். நீச்சல் பள்ளியில் பயிற்சியாளர் இந்தத் தடவை பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. முதலில் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார், அப்புறம் ஒரு குச்சியால் குத்தினார், அப்புறம் உதவியாளரை ஏறச் சொன்னார், அவர் முழுகாததைப் பார்த்த பிறகு தான் ஏறினார். பாய் அசையவில்லை. போனில் முதலாளியம்மாவிடம் வேறொன்றும் பேசவில்லை, ஒட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று தட்டும் ஒரே சமயத்தில் மேஜைக்கு வந்தன. அவள் பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சுமந்து சுமந்து அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்று அவளுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. இழுக்கும் மிஷினுக்குப் புதுப் பல் வாங்க முதலாளியம்மா ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆனால் வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை. மாடிக் குழாயில் தொடங்கினார்கள், பசை காயும் பதத்துக்குப் போனார்கள், ஈர நாளில் தீயை எவ்வளவு தூக்கவேண்டும் என்பதில் முட்டிக்கொண்டார்கள். எதிலும் ஒத்துப்போகவில்லை. சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே வேளையில் பேசித் தீர்க்கிற வெறி. சாப்பாடு ஆறியது, யாரும் கவனிக்கவில்லை. ஈர நாளில் தண்ணீர் தெளித்துப் பார்த்த கணக்கு அவளிடம்தான் இருந்தது. இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

"அண்ணா, அது அப்படி இல்ல," என்று ஆரம்பித்தாள். "ஏங்க, நீங்களும் கேளுங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். முகத்தில் ஒரே எரிச்சல்.

"நாங்க பேசிட்டிருக்கோம்ல பாப்பா," என்றார் அண்ணன்.

"அதானே," என்றார் புருஷன். "நீ ஏன் நடுவுல வர்றே?"